குளிரூரில் குடியேறிய பின்



பிழைப்பை நாடியும் கல்விப் பணியை நாடியும் ஊர்விட்டு ஊர் செல்வது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. எனினும், வெப்ப பூமியில் பிறந்து வளர்ந்தவர்கள் குளிர் பிரதேசத்தில் குடியேறும்போது வீட்டின் நடைமுறை முழுவதும் மாறிவிடுகிறது. முதியோர் உள்ள வீடாயின் சோதனை இன்னும் அதிகம்.

சென்னையிலிருந்து உதகைக்கு நாங்கள் வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. இங்குள்ள மதரஸாவில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பணி எனக்கு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த சிறு நகரம் இது. மார்கழி, தை மாத இரவுகளில் புல்வெளிகளில் உறைபனி படரும். தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே இறுகிவிடும். தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இன்றிப் பருப்பு எளிதில் வேகாது. இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்காமல் அப்படியே இருக்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகே வைக்கக் கற்றுத் தந்தவர், அண்டை வீட்டுப் படகர் மூதாட்டியே.

இவை யாவும் சில வாரங்களில் பழகிவிட்டன. எழுபது வயதைக் கடந்த என் மாமியாரின் மனம்தான் பழக மறுத்தது. சுபுஹு நேரத்துக் குளிர்நீரில் ஒளுச் செய்ததும் அவருக்குக் கைகால்கள் விறைத்துப்போகும். "என்னை ஊரிலேயே கொண்டுபோய் விட்டுவிடு மகளே" என்பார். அங்கோ, பூட்டிய வீட்டைத் தவிர அவருக்கு யாருமில்லை.

மார்க்கம் நம்மை வருத்துவதற்காக வந்ததன்று. ஒளு நீரைச் சுடவைத்துக் கொள்ளலாம். முழுமையான ஒளுவுடன் அணிந்த, கணுக்காலை மூடும் தோல் காலுறையின் மீது, உள்ளூரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவு மஸஹுச் செய்யலாம். இதனை எடுத்துக்கூறிக் காலுறையும் வாங்கித் தந்தோம். குளிர் தணிந்தது, ஊர் ஏக்கம் தணியவில்லை.

அப்போதுதான் மதீனாவின் தொடக்க நாட்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஹிஜ்ரத் செய்து வந்த ஹஜ்ரத் அபூபக்ரும் பிலாலும் (ரலி) அங்கே காய்ச்சலில் வீழ்ந்தனர். பிலால் (ரலி) மக்காவின் புற்களையும் குன்றுகளையும் எண்ணி ஏங்கினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் குற்றமாகக் கருதவில்லை. மக்காவைப் போல, அல்லது அதனினும் மேலாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்குவாயாக என்றும், அதன் அளவைகளில் பரக்கத் செய்வாயாக என்றும் துஆச் செய்தார்கள். புகாரியில் இடம்பெற்ற செய்தி இது. அன்றாடம் தானியம் அளக்கும் படிக்கும் சேர்த்தல்லவா அந்தத் துஆ! கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "பிலாலுக்கேவா?" என்று கண்கலங்கினார்.

இன்றும் திருவல்லிக்கேணியின் கடற்காற்றைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. ஆயினும் ரமலானில் நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொண்டு அந்தப் படகர் மூதாட்டியின் வாசலுக்கு முதலில் செல்பவர் அவரே. இருவரும் இளவெயிலில் அமர்ந்து நெடுநேரம் உரையாடுகின்றனர்.

சகோதரிகளே! புது ஊரில் உங்கள் வீட்டு முதியோர் பழைய ஊரை எண்ணி வருந்தினால் கடிந்துகொள்ளாதீர்கள். அவர்கள் மனம்விட்டுப் பேசட்டும்; அருகமர்ந்து கேளுங்கள். அண்டை வீட்டாருடன் உறவை வளர்க்கத் துணை செய்யுங்கள். நாம் வாழும் ஊரை நமக்குப் பிரியமாக்கி, நம் அடுப்படிகளிலும் அளவைகளிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.