சுவரில் சாமி இருக்கு, தாத்தா இருக்கு... அடுப்படி அம்மா எங்கே? - வல்லம் வீடுகளுக்கு டச்சு ஓவியங்கள்!

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது வல்லம். நெல்லும் மல்லாட்டையும் விளையும் பகுதி. இந்தப் பக்கத்து வீடுகளில் நுழைந்ததும் கண்ணில்படும் சுவரைக் கவனித்திருக்கிறீர்களா? நகைக்கடை காலண்டர், முருகன், லட்சுமி, மாலை போட்ட தாத்தா பாட்டி, கல்யாண போட்டோ. அம்மா அடுப்படியில் நிற்கும் படம்? அநேகமாக இருக்காது.

சாமிப் படங்கள் எளிய வீடுகளுக்கும் வந்து சேர்ந்ததில் ராஜா ரவிவர்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1894-ல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகம், அரண்மனை ஓவியத்தைச் சாதாரண வீட்டுக்கும் கொண்டுவந்தது. அதற்கு 200 ஆண்டுகளுக்கும் முன்பே நெதர்லாந்தில் வியாபாரிகளும் நடுத்தரக் குடும்பங்களும் ஓவியம் வாங்கி மாட்டினார்கள். அவற்றில் பல, வீட்டு வேலையைக் காட்டுபவை.

டச்சுக்காரர்கள் செஞ்சிக்குப் புதியவர்களும் இல்லை. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றுதான், கடலூர் தேவனாம்பட்டினத்தில் வியாபாரம் செய்தார்கள். நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிய சாயத்துணிகள் அவர்கள் வீடுகளை அலங்கரித்தன. இப்போது அவர்கள் ஓவியத்தை நாம் மாட்டிப் பார்க்கலாமே?

முதலில் வெர்மீர் வரைந்த ‘பால் ஊற்றும் பெண்'. ஜன்னல் வெளிச்சத்தில், நீலத் துணியை இடுப்பில் கட்டிய பணிப்பெண் நிதானமாகப் பால் ஊற்றுகிறார். மேஜையில் ரொட்டி. பின்னால் வெறும் சுவர், அதில் ஓர் ஆணி. அவ்வளவுதான்! அடுத்தது பீட்டர் டி ஹூக் ஓவியம். அதில் ஒரு தாய், மடியில் சாய்ந்த குழந்தைக்குப் பேன் பார்க்கிறார். நம் திண்ணைகளில் எத்தனை முறை பார்த்த காட்சி!

இரண்டும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் உள்ளன. அதன் இணையதளத்தில் தெளிவான படங்களை இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம். பிரின்ட் போடும்போது கவனிக்க வேண்டியவை:

* ‘பால் ஊற்றும் பெண்' சின்ன ஓவியம்தான். 16 அங்குல அகலம், 18 அங்குல உயரத்தில் போட்டால் கிட்டத்தட்ட அசல் அளவு.

* பளபளப்பில்லாத மேட் பேப்பர் அல்லது கேன்வாஸ் கேளுங்கள். பளபள பேப்பரில் டியூப்லைட்தான் தெரியும்.

* நேரடி வெயில் படும் சுவர் வேண்டாம், நிறம் மங்கும். ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம்.

* ஃபிரேமின் பின்பக்க மூலைகளில் சின்ன ரப்பர் துண்டுகளை ஒட்டுங்கள். காற்றுப் போக இடம் கிடைக்கும், பூஞ்சை பிடிப்பது குறையும்.

* அடர் பச்சை, ரோஸ் பெயின்ட்டைவிட வெள்ளை, சந்தன நிறச் சுவரில் இந்த ஓவியங்கள் எடுப்பாக இருக்கும்.

ஓர் ஐரோப்பியப் பணிப்பெண் பால் ஊற்றியதை 360 ஆண்டுகள் கழித்தும் உலகமே வரிசையில் நின்று பார்க்கிறது. நம் வீட்டில் தினமும் பால் காய்ச்சுபவருக்கோ, பெரும்பாலும் மாலை போட்ட பிறகுதான் சுவரில் இடம் கிடைக்கிறது. அதனால் இன்னோர் ஆணியும் சேர்த்தே அடித்துவிடுங்கள். காலை வெளிச்சத்தில், அம்மா வேலையில் இருக்கும்போது போனில் ஒரு படம் எடுங்கள். அதே அளவில் பிரின்ட் போட்டு, வெர்மீருக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். ‘இந்தக் கோலத்துலயா எடுத்த?' என்று திட்டு விழும். பரவாயில்லை, மாட்டுங்கள்!