முதலாளி வராத மைதானம்

2010 நவம்பர் 19, வெள்ளி

லங்காஷயரின் பழைய நெசவு நகரமான பிளக்பேர்னில் இன்று ஒரு கைமாற்றம் முடிகிறது. 1875இல் தோன்றி, 1888இல் இங்கிலாந்து உதைபந்தாட்ட லீக்கைத் தொடக்கி வைத்த பன்னிரண்டு கழகங்களில் ஒன்றான பிளக்பேர்ன் ரோவர்ஸ், புனே நகரத்து வெங்கீஸ் கோழிக் கம்பெனியின் கைக்குப் போகிறது. விலை 23 மில்லியன் பவுண். கழகத்தின் கடனும் கூடவே போகிறது. பிரீமியர் லீக்கில் இந்திய முதலாளிகள் வருவது இதுவே முதல் தடவை.

ஹட்டன் பக்கத்தில் இதை வாசிக்கிறவருக்குக் கதை பழக்கமானதுதான். ஆட்கள் மட்டும் இடம் மாறி நிற்கிறார்கள். டிக்கோயா, மஸ்கெலியா, திம்புள்ள மலைகளில் தேயிலை ஏறிய காலந்தொட்டு எத்தனையோ தோட்டங்களின் பணிப்பாளர் சபை லண்டனில்தான் கூடியது. ஸ்டேர்லிங் கம்பெனிகள் என்று அவற்றுக்குப் பெயர். காணிச் சீர்திருத்தத்தில் 1972லும் 1975லும் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது. 1992இல் 22 பிராந்தியக் கம்பெனிகளின் கைக்கு நிர்வாகம் போனது. ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வேறெங்கோ விழுந்தது. லயத்தில் இருக்கிறவர்கள் அறிந்துகொண்டது பெயர்ப்பலகை மாறிய பிறகு. இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரம் தன் புதிய முதலாளி யார், எப்படிப்பட்டவர் என்று இந்தியச் செய்திகளில் தேடிப் படிக்கிறது.

விட்டுப்போகிறவர் யாரென்று பார்த்தால்தான் அந்த ஊரின் பதற்றம் புரியும். ஜக் வோக்கர் பிளக்பேர்னிலேயே பிறந்தவர், உருக்கு வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். 1991இல் கழகத்தைக் கையில் எடுத்தபோது அது இரண்டாம் நிலையில் கிடந்தது. கென்னி டல்கிளிஷை முகாமையாளராகக் கொண்டுவந்தார். அலன் ஷியரரை வாங்கினார். 1994-95 பருவத்தில் ஷியரர் 34 கோல் போட, பிளக்பேர்ன் இங்கிலாந்தின் சம்பியன். வோக்கர் 2000இல் காலமானார். அவருடைய குடும்ப அறக்கட்டளைதான் இன்று கழகத்தை விற்றது.

2010 டிசெம்பர் 13, திங்கள்

புதிய முதலாளிகள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முகாமையாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்படுகிறார். அணி நிற்பது 13ஆம் இடத்தில். வீழ்ச்சி என்று சொல்ல அங்கே எதுவுமில்லை. முதல் தரத்தில் ஓர் அணியைத் தனியே நடத்திப் பழக்கமில்லாத உதவிப் பயிற்றுநர் ஸ்டீவ் கீன் அந்தக் கதிரையில் உட்காருகிறார்.

சில வாரங்களில், கழகத்தைப் பல வருடம் நடத்திவந்த தலைவர் ஜோன் வில்லியம்ஸும் போய்விடுகிறார். ரொனால்டினோவை வாங்கப் போகிறோம் என்ற பேச்சு பத்திரிகைகளில் அடிபடுகிறது. அவர் வரவில்லை. தோட்டத்தில் புதுத் துரை வந்ததும் மலை தெரிந்த பழைய கணக்குப்பிள்ளையை அனுப்பிவிட்டால் அடுத்த போகத்தில் என்ன நடக்கும் என்று கேட்டால், அக்கரபத்தனையில் எந்தக் கிழவியும் சொல்வாள்.

2011 மே 22இல், பருவத்தின் கடைசி நாளில், வோல்வ்ஸை 3-2 என்று வென்று அணி தப்பிக்கிறது.

2011 ஆகஸ்ட் 13, சனி

புதிய பருவம். இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணி ஆட்டம் ஹட்டனில் இரவு 7.30க்கு வரும், அங்கே குளிர்கால மணி மாறினால் 8.30. டிஷ் பூட்டிய வீட்டில் பொடியன்கள் கூடுகிற நேரம். அவர்களில் அநேகருக்கு அணி என்றால் மென்செஸ்டர் யுனைடெட் அல்லது லிவர்பூல்தான். பிளக்பேர்னை ஏன் பார்க்க வேண்டும்? இந்தியர்களுடைய அணி என்ற ஒரு காரணம் போதும், கொஞ்ச நேரம் பார்க்க.

ஃபோர்மிக்கா முதல் கோலைப் போடுகிறார். பிறகு வோல்வ்ஸ் இரண்டு போட்டு வெல்கிறது. அடுத்த கிழமை அஸ்டன் வில்லாவிடம் 1-3. ஆகஸ்ட் 27இல் எவர்ட்டனுக்கு எதிராகக் கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டைவிட்டு, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எதிரணிக்குக் கிடைத்த பெனால்டியால் 0-1 தோல்வி. இளம் பின்கள வீரர் பில் ஜோன்ஸை மென்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றது ஜூனில். அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை என்பது மூன்று ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

அதே ஜூனில் மலையகத்திலும் ஒரு கணக்கு முடிந்திருந்தது. கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 515 ரூபா என்று அறிவித்தார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 380 ரூபாதான். 105 ரூபா வரவுக்கான கொடுப்பனவு. மாதத்தில் போதிய நாள் வேலைக்குப் போகாவிட்டால் அது வெட்டுப்படும். மிச்சம் 30 விலைப்பங்கு. 515 என்று பெரிதாகச் சொன்னது பலருடைய கைக்கு 515ஆக வந்து சேரவில்லை.

2011 செப்டெம்பர் 17, சனி

ஆர்சனலை 4-3 என்று வென்றார்கள்! எவர்ட்டனிலிருந்து வந்த நைஜீரிய வீரர் யாக்குபு இரண்டு கோல். ஆர்சனல்காரரே தங்கள் வலைக்குள் போட்டுக்கொண்டது இரண்டு. பார்த்தவர் எவருக்கும் இந்த அணி இறங்கும் என்று தோன்றியிருக்காது. திறமை இல்லாமல் இறங்கிய அணி அல்ல இது. அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

2011 ஒக்டோபர், முதல் கிழமைகள்

ஒக்டோபர் முதலாம் திகதி மென்செஸ்டர் சிட்டியிடம் சொந்த மைதானத்தில் 0-4. அடுத்த சில நாளில் அணி விமானம் ஏறுகிறது, புனேயில் ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு. பருவம் நடுவழியில் நிற்க, அடிமட்டத்தில் கிடக்கும் அணியை முதலாளியின் ஊருக்கு அழைத்துப் போகிறார்கள். இதே பருவத்தில்தான் வீரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கோழி சாப்பிடும் விளம்பரமும் வந்தது.

பிளக்பேர்னுக்கும் இந்தியாவுக்கும் உறவு புதிதல்ல. ஒரு காலத்தில் அந்த ஊர்த் தறிகள் நெய்த வேட்டித்துணி கப்பல் கப்பலாகக் கல்கத்தாவுக்குப் போனது. அந்த வியாபாரம் முதலாம் உலகப் போருக்குப் பின் சரிந்தது. இந்தியாவின் அந்நியத் துணி பகிஷ்கரிப்பும் அதில் சேர்ந்துகொண்டது. 1931 செப்டெம்பரில் காந்தி, பிளக்பேர்னை ஒட்டிய டார்வென் ஊருக்கு நேரே போனார். வேலையில்லாமல் நின்ற மில் தொழிலாளரைச் சந்தித்தார். நெசவுப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் படம் இன்றும் புகழோடு இருக்கிறது. தன் முடிவால் நோகிறவர்கள் முன்னால் போய் நிற்க அவர் தயங்கவில்லை. அதற்கு நாலு வருடம் முன்பு, 1927 நவம்பரில், அவர் இலங்கைக்கும் வந்து மலைநாட்டில் தொழிலாளரைப் பார்த்துப் பேசியிருந்தார்.

ஆகவே தூரம் ஒரு சாட்டு அல்ல. மலையகத்தில் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

2011 ஒக்டோபர் 26, புதன்

தீபாவளி. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கையில் வந்து, உடுப்புக்கும் பலகாரத்துக்கும் போய்விட்டது. இனி மாதாமாதம் சம்பளத்தில் கழியும். இங்கே நள்ளிரவு தாண்டிய பிறகு பிளக்பேர்னின் சொந்த மைதானமான இவூட் பார்க்கில் லீக் கிண்ண ஆட்டம். நியூகாசிலை மேலதிக நேரத்தில் 4-3 என்று பிளக்பேர்ன் வெல்கிறது. லீக்கில் ஒன்பது ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, கிண்ணத்தில் இப்படி.

2011 டிசெம்பர் 20, செவ்வாய்

டிசெம்பர் 3இல் சுவான்சிக்கு எதிராக யாக்குபு தனியாளாக நாலு கோல் போட்டு 4-2 என்று வெல்ல வைத்தார். அந்த மூச்சு இரண்டு கிழமைகூட நிற்கவில்லை. சண்டர்லண்ட், வெஸ்ட் புரோம், இன்று போல்ட்டன் என்று மூன்றும் 1-2. சொந்த ரசிகர்களே ஆட்டம் முழுக்க முகாமையாளரை விலகச் சொல்லிக் கத்துகிறார்கள். கிறிஸ்மஸுக்கு அணி பட்டியலின் அடியில்.

கீன் மீது கொட்டிய ஆத்திரம் அளவு மீறியது என்றுதான் சொல்ல வேண்டும். அவரை அங்கே உட்கார வைத்தவர்கள் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்க, மழையில் கோட்டோரம் நின்று ஏச்சு வாங்கியது அவர். கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் போட்டால் பெண்கள் ஏசுவது எதிரே நிற்கும் கங்காணியைத்தான். கிலோவைத் தீர்மானித்தவர் கொழும்பில் இருப்பார்.

இதே மாதம் கழகத்தின் துணை நிறைவேற்று அதிகாரி போல் ஹன்ட் முதலாளிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். முகாமையாளரை மாற்றுங்கள், கழகம் ஆபத்தில் இருக்கிறது என்பது அதன் சாரம். அது வெளியே தெரியவர இன்னும் நாலைந்து மாதம் இருந்தது.

2011 டிசெம்பர் 31, சனி

இன்று அலெக்ஸ் பெர்கசனுக்கு 70 வயது. ஓல்ட் டிராபோர்ட்டில் மென்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரே நிற்பது அடியில் கிடக்கும் அணி. ஹட்டனில் பொழுது சாய்ந்த நேரம். யுனைடெட் சட்டைக்காரர்கள் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். யாக்குபு பெனால்டியில் ஒன்று. இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று. அடுத்த நிமிடமே பெர்பட்டோவ் ஒன்று, கொஞ்சத்தில் இன்னொன்று, 2-2. இனி யுனைடெட்தான் என்று எல்லாரும் இருக்க, 80ஆவது நிமிடத்தில் ஒரு கோர்னர் கிக். இருபது வயது கிராண்ட் ஹன்லி எழும்பித் தலையால் தள்ளுகிறார். 3-2.

இந்தப் பருவத்தின் ஒரே பெருநாள் இது.

2012 ஜனவரி 14 – மார்ச் 20

பொங்கலுக்கு முதல் நாள், யாக்குபு வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேரோடு நின்றும் ஃபுல்ஹமை 3-1 என்று வென்றார்கள். பெப்ரவரி 4இல் ஆர்சனல் பழி தீர்த்தது: 7-1. அந்த மாதக் கடைசியில் அணித்தலைவர் கிறிஸ்டோபர் சம்பா ரஷ்யாவின் அன்ஷிக்கு விற்கப்பட்டார். பின்களத்தின் தூணே போய்விட்டது. அப்படியும் மார்ச்சில் வோல்வ்ஸையும் சண்டர்லண்டையும் 2-0, 2-0 என்று தோற்கடித்து 28 புள்ளிக்கு ஏறினார்கள். தப்பிவிட்டார்கள் என்றே பலரும் நினைத்தார்கள்.

2012 ஏப்ரல் 14, சனி

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. தோட்டத்தில் ஆட்கள் வீட்டில் இருப்பதால் இன்றைய ஆட்டத்துக்குக் கூட்டம் கூடும். சுவான்சியிடம் 0-3. போல்ட்டன், மென்செஸ்டர் யுனைடெட், வெஸ்ட் புரோம், லிவர்பூல், சுவான்சி: தொடர்ந்து ஐந்து தோல்வி.

அடுத்த சனிக்கிழமை நோர்விச்சை 2-0 என்று வென்றது கடைசி வெற்றி. 29ஆம் திகதி டொட்டன்ஹமிடம் 0-2.

2012 மே 7, திங்கள்

இரவு எட்டு மணி ஆட்டம். மலையகத்தில் அப்போது செவ்வாய் பிறந்து அரை மணி நேரம். விடியப் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் பார்க்கிற நேரமல்ல. பார்த்தவர்கள் கண்டது இதுதான்.

இவூட் பார்க்கில் மழை கொட்டுகிறது. எதிரே விகன். பிளக்பேர்ன் வென்றே ஆக வேண்டும். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், கழகக் கொடி போர்த்திய ஒரு கோழி புல்தரையில் இறங்கி ஓடுகிறது. ரசிகர்கள் விட்டது. கோழிக் கம்பெனிக்கு அவர்கள் எழுதிய மனு அது. உலகத் தொலைக்காட்சிகள் அதைப் பார்த்துச் சிரித்தன. ஒன்றரை வருடமாகக் கூட்டம் போட்டும் ஊர்வலம் போயும் பதில் கிடைக்காதவர்கள் கடைசியில் ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள் என்றால், அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

87ஆவது நிமிடம். கோர்னர் கிக்கிலிருந்து அன்டொலின் அல்கராஸ் தலையால் முட்டுகிறார். 0-1. பதினொரு வருடத்துக்குப் பிறகு பிளக்பேர்ன் இரண்டாம் நிலைக்கு இறங்குகிறது. 1911-12இல் அவர்கள் முதன்முதல் சம்பியனாகி சரியாக நூறு வருடம்.

கிழமைக் கடைசியில் செல்சியிடமும் தோற்றுப் பருவம் முடிந்தது: 38 ஆட்டத்தில் 23 தோல்வி, வாங்கிய கோல் 78, புள்ளி 31, இடம் 19. யாக்குபு மட்டும் 17 கோல் போட்டிருந்தார். ஹன்ட்டின் கடிதம் இந்த நாட்களில் வெளியே கசிந்தது. அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கீன் தொடர்ந்தார், செப்டெம்பர் கடைசியில்தான் விலகினார். அவருக்குப் பின் வந்த ஹென்னிங் பெர்க் நின்றது 57 நாள்.

2017 மே 7, ஞாயிறு

நாள் தவறாமல் ஐந்து வருடம். லண்டனில் பிரென்ட்ஃபோர்டை 3-1 என்று வென்றும், கோல் வித்தியாசத்தில் பிளக்பேர்ன் மூன்றாம் நிலைக்கு விழுகிறது. பிரீமியர் லீக் கிண்ணம் தூக்கிய ஓர் அணிக்கு அதற்குப் பின் இப்படி நேர்ந்தது இதுவே முதல் தடவை. அடுத்த வருடமே டோனி மோப்ரேயின் கீழ் இரண்டாம் நிலைக்கு ஏறினார்கள். முதல் தரத்தை அதன்பின் தொடவில்லை.

வெங்கீஸ் குடும்பம் கழகத்தைக் கைவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. நட்டத்தை வருடாவருடம் தங்கள் பணத்தால் ஈடுகட்டியிருக்கிறார்கள். கதவு மூடாமல் இருப்பதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம். ஆனால் இவூட் பார்க்கில் அவர்களைக் காண்பது அரிது. ரோவர்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பு கேட்பது கழகத்தின் உடைமையில் ரசிகருக்கும் ஒரு பங்கு. ஹட்டனிலும் நோர்வூட்டிலும் தலவாக்கலையிலும், 2017இல் நாட்சம்பளம் 730 ரூபாவில் நிற்க, ஆயிரம் ரூபாவைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றையும் கேட்டார்கள். தாத்தா காலந்தொட்டு இருக்கிற இடத்தில் 7 பேர்ச் காணியும், அதற்குத் தங்கள் பெயரில் ஓர் உறுதியும்.