அம்மா தொடாத முடி

தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், கொஞ்சம் முன்னே பின்னே. பழனி சரவணப் பொய்கையில் மொட்டை போட்டுக்கொண்டு சிங்கப்பூர் திரும்பிய எனக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். முதலில் டவலையும் தலையணை உறையையும் பிடித்து இழுத்த முள்முடி. அப்புறம் எந்தப் பக்கம் வாரினாலும் விறைத்து நின்ற முடி. இப்போது காதுக்குக் கீழே இறங்கிவிட்டது. பின்னங்கழுத்தில் சுருள்கிறது, ரப்பர் பேண்டுக்குள் நிற்காமல் நழுவுகிறது. கட்டவும் வராது, விரித்துவிடவும் வராது. மொட்டை போட்டு வளர்த்த பெண்கள் எல்லாருக்கும் இந்தக் கட்டம் தெரியும். ஆபீஸில் "ரொம்ப ஸ்டைலா இருக்கு, இப்படியே வெச்சுக்கங்க" என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள்.

மற்ற நாளெல்லாம் சமாளித்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலைதான் தாங்கவில்லை.

வாழப்பாடியில் எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்த் தலை. வரப்போரத்து ஆமணக்கில் பறித்த கொட்டமுத்தை அம்மாயி வறுத்து, உரலில் இடித்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை அகப்பையில் வழித்து எடுத்து வைத்திருப்பாள். ஆமணக்கு எங்கள் மண்ணின் பயிர். பக்கத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அம்மாயியின் எண்ணெய் பாதி, நல்லெண்ணெய் பாதி, சின்னக் கிண்ணத்தில் இளஞ்சூட்டில். அம்மா திண்ணையில் உட்காருவாள். நான் ஒரு படி கீழே, அவள் முழங்கால் இரண்டுக்கும் நடுவில். உச்சியில் எண்ணெயை வைத்து உள்ளங்கையால் தட்டுவாள். தப், தப், தப். அந்தச் சத்தம் வெளியே கேட்டதைவிட என் மண்டைக்குள்தான் அதிகம் கேட்டது. நானே என் தலையில் தட்டிப் பார்த்துவிட்டேன். வரவில்லை.

அப்புறம் அரப்பு. ஊஞ்ச மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூளை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பாள். கண்ணில் பட்டால் எரியும். "மூடிக்க, மூடிக்க" என்பாள், நான் ஏற்கெனவே இறுக்கி மூடியிருப்பேன்.

அம்மா பாக்கு உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் தோப்பு தோப்பாகப் பாக்கு. பருவத்தில் களத்தில் மலைமலையாகக் கொட்டிக்கிடக்கும் காயை உரிப்பது பெரும்பாலும் பெண்கள். விரலில் ஏறிய பாக்குக் கறை லேசில் போகாது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் கறுத்து, வெடித்து, சொரசொரவென்று இருக்கும். சிக்கெடுக்கும்போது அந்த வெடிப்பில் ஒரு முடி மாட்டிக்கொள்ளும். சுருக்கென்று இழுக்கும். "ஸ்" என்பேன். "முடிஞ்சுது சாமி, முடிஞ்சுது" என்பாள், முடிந்திருக்காது. இங்கே சலூனில் தலை அலசிவிடும் பெண்ணின் விரல்கள் பஞ்சாக இருக்கின்றன. எதிலும் மாட்டுவதில்லை.

அம்மா முகம் பார்த்துப் பேசுகிறவள் இல்லை. சோறு போடும்போதும் பேசமாட்டாள், படுக்கும்போதும் பேசமாட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் என் பின்னந்தலையிடம்தான் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது, அப்பா வாங்கிய கடன், நான் வயதுக்கு வந்தபோது தெரிந்துகொள்ள வேண்டியவை, என்னைக் கேட்டு வந்த இடம், அந்த இடம் அவளுக்குப் பிடிக்காதது, ஏன் பிடிக்கவில்லை என்பது. எல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தவை. சீப்பு பாதியில் நின்றால் யோசிக்கிறாள். இழுப்பு வலித்தால் யார்மேலோ கோபம். ஏதாவது ஒரு சொல் என்னைத் தொட்டுவிட்டால் அவள் முகத்தைப் பார்க்கத் திரும்புவேன். உடனே இரண்டு கையாலும் தலையைப் பிடித்து நேரே திருப்பிவிடுவாள்.

"திரும்பாத புள்ள, வகிடு கோணுது."

அந்தக் குரல். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வாழப்பாடி கேட் பக்கம் சேலம் - விருத்தாசலம் ரயில் ஊதும். அப்போது மீட்டர் கேஜ். 2007-ல்தான் அகலப் பாதையானது. ஊதல் கேட்டால் ஜடையை முடித்தாக வேண்டும், பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மடித்துக் கட்டிய இரட்டை ஜடை, ரிப்பன், மேலே ஒரு துண்டு சன்னமல்லி. தெருவில் சிக்குமுடிக்குப் பாத்திரம் கொடுப்பவர் நீட்டி முழக்கிக்கொண்டு போவார். சீப்பில் உதிர்ந்ததையெல்லாம் அம்மா விரலில் சுற்றி, கூரை ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு மஞ்சள் பையில் செருகி வைத்திருப்பாள். எல்லாவற்றையும் அவரிடம் போட மாட்டாள். அவள் முடி, என் முடி, சேர்ந்தே சுருண்டு கிடக்கும்.

கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் வருஷ லீவில் ஊருக்குப் போனால், மறுநாள் விடியற்காலையில் கிண்ணத்தோடு திண்ணையில் இருப்பாள். அவள் முழங்கால் மடங்காத வயது. அப்படியும் உட்காருவாள்.

என் முடி இடுப்பைத் தொட்டது. மாதம் ஒரு சென்டிமீட்டர் என்றால் எழுபது சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு ஆறு வயதுக்குக் கிட்டே. அந்த நுனி, ஆறு வருஷத்து லீவுகளில் அம்மா வைத்த எண்ணெயை எல்லாம் பார்த்தது. இது மொட்டை போடும்போது எனக்குத் தோன்றவில்லை. அம்மா படுக்கையில் விழுந்ததும், அவள் எழுந்து உட்கார்ந்தால் முடி தருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்தாள். போய்க் கொடுத்தேன். தலையை நனைத்து, முடியை இரண்டாகப் பிரித்து, பள்ளிக்கூடத்து நாளில் இருந்த அதே இடத்தில் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டார் மொட்டை போடும் அண்ணன். அப்புறம் கத்தி. நீள முடியைத் தனியே எடுத்து வைத்தார்கள்.

அது ஏலத்துக்குப் போகும். பெண்களின் நீள முடிக்கு உலகமெங்கும் விலை; விக்காகிக் கடல் தாண்டும். 2004-ல் யூத மதகுருமார் சிலர் இந்தியக் கோயில்களில் காணிக்கையாகக் கொடுத்த முடியில் செய்த விக்கை அணியலாகாது என்று சொன்னபோது, நியூயார்க்கில் பெண்கள் தங்கள் விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வரும்போதெல்லாம் வேறொன்றுதான் உறுத்தும்: எரிந்த ஒவ்வொரு முடிக்குப் பின்னாலும் எண்ணெய் வைத்த ஒரு கை இருந்திருக்கும். என் முடி யார் தலையிலோ இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும்.

பழனியிலிருந்து சந்தனத் தலையோடு வந்து கட்டிலருகே நின்றேன். அம்மா வெகுநேரம் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே சாமி. அது நான் வளத்த முடியில்ல?" என்றாள். முகம் பார்த்துச் சொன்னாள். அவள் எனக்கு முகம் பார்த்துச் சொன்ன சில வார்த்தைகளில் அது ஒன்று. முருகனுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. கிடைத்த நாட்கள் அதற்கு ஈடானவை. ஆனால் அந்த நாட்கள் குறைவு. என் தலையில் கறுப்பு அரும்பும் முன்பே அம்மா போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூரைச் சந்தில் கைவிட்டுத் துழாவினேன். பை இல்லை. வீடு கழுவியபோது அண்ணி எடுத்துப் போட்டுவிட்டிருந்தாள். "ஏதோ குப்பைன்னு நெனச்சுட்டேன் கண்ணு" என்றாள். அவள்மேல் குறையில்லை. பார்ப்பவர்களுக்கு அது குப்பைதான்.

இங்கே எதற்கும் குறைவில்லை. சிராங்கூன் சாலையில் அரப்புத்தூள் பாக்கெட்டில் கிடைக்கிறது, சீயக்காய் கிடைக்கிறது, தேக்காவில் சரம் சரமாக மல்லிகை. குழாயைத் திருப்பினால் சுடுதண்ணீர். போன வெள்ளிக்கிழமை எல்லாம் வாங்கி வந்து, எண்ணெயைச் சுடவைத்து, குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். யாரும் எனக்குப் பின்னால் பேசவில்லை. எழுந்து தலையை அலசிவிட்டு வேலைக்குப் போனேன்.

மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படியில்லை, வேர் தோலுக்குள் இருக்கிறது, கத்திக்கு அது எட்டாது. வயது ஏற ஏற ஒரு முடி வளர்கிற காலமும் சுருங்கும். அதனால் பழைய நீளம் எனக்குத் திரும்பாமலும் போகலாம். திரும்பினாலும் இந்த முடியை அம்மா தொட்டதில்லை. வகிட்டை நானே எடுக்கிறேன். கோணலாகத்தான் வருகிறது.

ஊரில் அம்மா இருக்கிறவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த லீவுக்குப் போனால், எண்ணெய் பிசுக்கு, ஜலதோஷம் பிடிக்கும், ஊர் சுற்ற வேண்டும் என்று சொல்லித் தட்டாதீர்கள். முடி எவ்வளவு குட்டையாக இருந்தாலும் சரி, சீப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கீழ்ப்படியில் உட்காருங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். அவர்கள் பேசட்டும்.