லைனில் இருந்த அக்கா

எங்கள் ஊர் போஸ்டாபீசுக்கு போன் வந்தது 1978இல். போஸ்ட்மாஸ்டர் வீட்டு முன்னறைதான் போஸ்டாபீஸ். மேஜைமேல் உட்கார்ந்த அந்தக் கறுப்புப் பெட்டியில் நம்பர் சுற்றும் வட்டு கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி மட்டும். அதைக் கிறுகிறுவென்று சுற்றினால் டவுன் எக்ஸ்சேஞ்ச் பலகையில் எங்கள் ஊருக்கான சிறு மூடி டப்பென்று விழுமாம். ஆபரேட்டர் அக்கா வயரைச் சொருகி, "சொல்லுங்க" என்பார். அவர் முகத்தை ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆனால் யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

மாமா பம்பாயில் மில் வேலையில் இருந்தார். ஆச்சி அவரோடு பேசவேண்டுமென்றால் காலையிலேயே ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி என்றால் மத்தியானம் தாண்டும். அர்ஜெண்ட் என்றால் இரண்டு பங்கு காசு. ஆச்சி ஆர்டினரிதான். அதிலும் பி.பி. கால்: மாமா குடியிருந்த சால் என்ற தொழிலாளர் குடியிருப்புக்குக் கீழே ஒரு ஓட்டலில்தான் போன், அவரைக் கூப்பிட்டு நிறுத்திய பிறகுதான் நிமிஷக் கணக்கு தொடங்கும்.

அக்கா மதுரையைப் பிடித்து, மதுரை மெட்ராஸைப் பிடித்து, ஒருவழியாக பம்பாய் கிடைக்கும்போது மாமா குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஆச்சிக்குக் காதும் மந்தம். "என்னல சொல்லுத?" என்று தெருவே அதிரக் கத்துவாள். அப்போது அக்கா குறுக்கே வருவார்.

"ஆச்சி, மணியார்டர் வந்துட்டான்னு கேக்காவ."

"வந்துட்டு, வந்துட்டுன்னு சொல்லு தாயி. உடம்பப் பாத்துக்கிடச் சொல்லு."

மகனும் தாயும் பேசியதில் பாதி அக்கா வாயால்தான் நடந்தது. மூன்று நிமிஷம் முடிந்தால், "இன்னும் பேசணுமா ஆச்சி?" என்று கேட்பார். ஊர் ரகசியம் அத்தனையும் அவர் காதில் விழுந்தும் ஒன்றுகூட வெளியே கசிந்ததில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எவருக்கும் அந்த ஒழுக்கம் வராது, நான் உட்பட.

குறை இல்லாமல் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு எக்ஸ்சேஞ்ச் மூடிவிடும். அதற்குமேல் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் மாட்டுவண்டிதான். மழை பெய்தால் கம்பி அறுந்து வாரக்கணக்கில் போன் ஊமையாகிவிடும்.

1984இல் சாம் பித்ரோடாவின் முயற்சியில் சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையம் தொடங்கியது. கிராமங்களுக்கென்றே 128 இணைப்புகள் கொண்ட சிறு தானியங்கி எக்ஸ்சேஞ்சை அவர்கள் செய்தார்கள். வெயிலையும் புழுதியையும் தாங்கும், ஏ.சி. வேண்டாம். 1986இல் கர்நாடகத்துக் கித்தூரில் முதலில் வைத்தார்கள். நான் கல்லூரி முடிப்பதற்குள் எங்கள் பக்கமும் அது வந்துவிட்டது. நடுராத்திரியிலும் பம்பாய் கிடைத்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மாட்டுவண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் லைனில் அக்கா இல்லை. ஆச்சி அதன்பிறகு போனைத் தொடவில்லை. இன்றும் காஸ் புக் பண்ணப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது ஒரு பதிவுக் குரல். கிராமத்துக்குச் சேவை தருகிறோம் என்பவர்கள், எண்ணை அழுத்தத் தெரியாதவர்களுக்காக லைனில் ஓர் ஆளையும் உட்கார வைக்கட்டும்.