தக்கையும் வடிகட்டியும்

வெளியூரில் நெடுநாள் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில் அநேகமாக எல்லாக் கருவிகளும் இருக்கும். தேங்காய்த் துருவி, முறுக்குக் குழல், இடியாப்ப அச்சு, குழிப்பணியாரக் கல் என்று, ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒன்று பெட்டிக்குள் ஏறி வந்துவிடும். ஒயின் புட்டியின் தக்கையைக் கழற்றும் திருகு மட்டும் நம் சமையலறைகளில் காண்பதற்கில்லை. எங்கள் இல்லத்திலும் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மாலை வரை அதற்குத் தேவை நேர்ந்ததில்லை. அன்று மாலை நேர்ந்ததை நம் சங்கத்து அன்பர்களுடன் பகிர்ந்து கொள்ள விழைகின்றோம்.

நாங்கள் இருவரும் சேலம் மாவட்டத்துக் குடும்பங்களில் பிறந்தவர்கள். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ராஜாஜி அவர்களின் அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது எங்கள் மாவட்டத்திலேதான். அதனை எங்கள் பெரியோர்கள் பெருமையோடு சொல்லக் கேட்டு வளர்ந்தோம். மதுவென்றால் கள்ளுக்கடை, கள்ளுக்கடையென்றால் கலைந்த குடும்பம் என்பதே எங்கள் மனத்தில் பதிந்த பாடம். அந்தப் பாடத்தோடுதான் 1987ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்து, மாஹிமில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியேறினோம்.

எதிர்வீட்டில் கோவாவைச் சேர்ந்த கிறிஸ்தவத் தம்பதியர் இருந்தனர். பெரியவர் கப்பலில் உணவுக்கூடப் பணியாளராக உலகைச் சுற்றியவர். அம்மையார் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர். எங்கள் மக்கள் அவர்களை அங்கிள் என்றும் ஆன்ட்டி என்றும் அழைக்க, நாளடைவில் நாங்களும் அவ்வாறே அழைக்கலானோம்.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், அம்மையார் ஒரு தட்டினை வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டு வந்தார். குல்குல் என்னும் பண்டமும் நெவ்ரி என்னும் பண்டமும் அதில் இருந்தன. நெவ்ரியைக் கண்டதும் நம் ஊர்ச் சோமாசி என்றே எண்ணி மகிழ்ந்தோம். தட்டின் ஓரத்தில் கருஞ்சிவப்பு நிறத்தில் ஏதோ நிரம்பிய ஒரு சிறு புட்டியும் இருந்தது. அது என்னவென்று கேட்டோம். தாமே வீட்டில் செய்த திராட்சை ஒயின் என்றார். நாங்கள் கைகூப்பி, "எங்கள் வீட்டுக்குள் இதை விடுவதில்லை" என்று சொல்லி, புட்டியை மட்டும் வாசற்படியிலேயே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அம்மையார் முகம் கோணாமல் சிரித்து, "சரிதான், சரிதான்" என்று கூறிச் சென்றார். மறு ஆண்டு முதல் தட்டு மட்டும் வந்தது. தீபாவளிக்கு நாங்கள் முறுக்கும் அதிரசமும் அனுப்புவோம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் தட்டு வரும். முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. அந்தப் புட்டியைப் பற்றி நாங்கள் மீண்டும் எண்ணிப் பார்த்ததுகூட இல்லை.

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அம்மையார் காலமானார். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் தட்டு வராது என்று தெரிந்திருந்தும், மாலையில் வாசற்கதவு தட்டப்பட்டபோது எங்கள் நெஞ்சு ஒருகணம் அவரையே எதிர்பார்த்தது. வந்தவர் பெரியவர். கையில் ஒரு புட்டி.

"இது அவள் சென்ற ஆண்டு செய்தது. இதுதான் கடைசி. இன்றிரவு பூசைக்குப் போகுமுன் அவள் படத்தின் முன் ஒரு குவளை வைக்க வேண்டும். திருகு எங்கே வைத்தாளோ, வீடெல்லாம் தேடிவிட்டேன். கையும் நடுங்குகிறது" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "உங்கள் வீட்டுக்குள் இது வரலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. எங்கள் வழக்கத்தை மதித்தே கேட்டார். அதனால்தான் மிகவும் சுட்டது. கதவை அகலத் திறந்து அவரை நாற்காலியில் அமர வைத்தோம்.

புட்டியின் வாயில் தக்கை முழுதும் உள்ளிறங்கி, அதன்மேல் மெழுகு உருக்கி ஊற்றப்பட்டிருந்தது. தக்கையை வெந்நீரில் ஊறவைத்து மரச் சுத்தியால் தட்டி இறக்குவது அம்மையாரின் வழக்கமாம். விரல் பிடிக்க இடமில்லை. எங்களுள் ஒருவர் கத்தியை எடுத்து வந்தார். பெரியவர் உடனே தடுத்தார். "கத்தி வழுக்கினால் உள்ளங்கையில்தான் பாயும். கப்பலில் எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன்" என்றார்.

கீழ்வீட்டு இளைஞன் ஒருவன் செய்தியறிந்து மேலே வந்தான். புட்டியின் அடியைச் செருப்புக்குள் வைத்துச் சுவரில் மெல்ல மெல்ல மோதினால் தக்கை தானே வெளியே வரும் என்றான். அது பொய்யன்று. உள்ளிருக்கும் திரவம் ஒவ்வொரு மோதலிலும் பாய்ந்து தக்கையைச் சிறிது சிறிதாகத் தள்ளும். ஆனால் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் புட்டி கையிலேயே நொறுங்கிவிடும். கழுத்தை நெருப்பில் காட்டினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து தக்கையைத் தள்ளும் என்றும் அவன் சொன்னான். ஓரிடத்தில் மட்டும் சூடேறிய கண்ணாடி பிளந்துவிடும் என்று பெரியவர் அதனையும் மறுத்தார். வேறு புட்டியாக இருந்தால் சோதித்துப் பார்த்திருக்கலாம். இதற்கு மாற்றுப் புட்டி உலகில் இல்லையே!

மெழுகைச் சுரண்டிக் கொண்டிருக்கும்போது பெரியவர் தக்கையின் கதையைச் சொன்னார். அது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகில் மிகுதியாகக் கிடைப்பது போர்ச்சுகலில். மரம் ஏறத்தாழ இருபத்தைந்து வயதை எட்டிய பின்பே முதன்முறை பட்டை உரிப்பார்கள். பிறகு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை. மரத்தை வெட்டுவதில்லை. நல்ல புட்டித் தக்கைக்கு மூன்றாம் முறை உரித்த பட்டைதான் ஏற்றது என்பதால், அம்மரத்துக்கு நாற்பது வயதாவது கடந்திருக்க வேண்டும். லிஸ்பனில் கப்பல் நின்ற நாட்களில், பட்டை உரிந்து செந்நிறமாக நின்ற மரங்களை அவர் கண்டிருக்கிறாராம். 1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் நுண்ணோக்கியில் இந்தத் தக்கையை வைத்துப் பார்த்தே, சின்னஞ்சிறு அறைகளைக் கண்டு அவற்றிற்கு 'செல்' என்று பெயரிட்டார் என்பது எங்களுக்குப் பள்ளியில் படித்த நினைவு. அந்த அறைகளுக்குள் காற்று அடைபட்டிருப்பதால்தான் தக்கை அமுங்கிக் கொடுத்து, பிறகு விரிந்து கழுத்தை இறுகப் பற்றுகிறது.

மூன்றாவதாக, திரைச்சீலைக் கம்பியைத் தாங்கும் கட்டையிலிருந்து ஒரு நீளத் திருகாணியைக் கழற்றித் தக்கையின் நடுவே முடுக்கினோம். எங்களுள் ஒருவர் புட்டியை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடிக்க, மற்றவர் குறட்டால் திருகாணியின் தலையைப் பற்றி இழுத்தார். தக்கை அசைவது போலிருந்தது. மறுகணம் திருகாணி மட்டும், நடுப்பகுதித் தூளைச் சுமந்து கொண்டு வெளியே வந்துவிட்டது. மீதித் தக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

"உங்கள் குற்றமன்று. தக்கை உலர்ந்துவிட்டது" என்றார் பெரியவர். திருகாணியின் தண்டு கனமானது. அது தக்கையைக் கிழித்துக் கொண்டு போகிறது. உண்மையான திருகோ நடுவே வெற்றிடமுள்ள கம்பிச் சுருள். அது தக்கையைக் கிழிக்காமல் உட்புகுந்து, அகலமாகப் பற்றிக் கொள்கிறது. துப்பாக்கிக் குழாயில் சிக்கிய குண்டை எடுக்கும் சுருள் கம்பியிலிருந்தே இக்கருவி பிறந்ததென்பர். 1795ஆம் ஆண்டில் சாமுவேல் ஹென்ஷால் என்னும் பாதிரியார் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பையில் மடித்து வைக்கும் வகைக்கு 1882ஆம் ஆண்டில் ஜெர்மானியர் ஒருவர் உரிமை பெற்றார். பெரியவர் கப்பலில் நாள்தோறும் சட்டைப் பையில் வைத்திருந்ததும், அம்மையார் எங்கோ பத்திரப்படுத்தியதும் அந்த மடிப்புத் திருகுதான்.

இனி ஒரே வழிதான் இருந்தது. வெளியே வராத தக்கையை உள்ளே தள்ளிவிட வேண்டும். தயிர் கடையும் சிறு மத்தினைத் தலைகீழாகப் பிடித்து, அதன் காம்பைத் தக்கையின்மேல் ஊன்றினோம். புட்டியைத் துணியால் சுற்றினோம். தக்கை இறங்க இறங்க உள்ளிருக்கும் காற்று நெருக்கப்பட்டுத் திரவம் பீறிடும். ஆகையால் முகத்தை விலக்கி, அவசரமின்றி அழுத்தும்படி பெரியவர் எச்சரித்தார். எங்கள் நான்கு கைகளும் மத்தின்மேல் இருந்தன. நெல் நெல்லாக இறங்கிய தக்கை திடீரென உள்ளே விழுந்தது. துணியில் ஒரு கருஞ்சிவப்புக் கறை படர்ந்தது. பழுத்த திராட்சையும் கிராம்பும் கலந்த மணம் அறையெங்கும் பரவியது. பெரியவர் கண்களை மூடிக்கொண்டார்.

ஆனால் ஒயினில் தக்கைத் தூள் மிதந்தது. அதனை அப்படியே அம்மையாரின் படத்தின் முன் வைப்பதா? சமையலறை யாருடைய ஆட்சியில் உள்ளதோ அவர் உள்ளே சென்றார். சிறிது நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவர் கையில் காப்பி வடிகட்டி இருந்தது. திருமணத்தின்போது சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் வடிகட்டி அது. எங்கள் இல்லத்தில் பொழுது விடிவது அதிலேதான். அதனை நன்கு கழுவித் துடைத்து மேசைமேல் வைத்தார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக் கொள்ளவில்லை.

மிதக்கும் தக்கை கழுத்தை அடைக்காதவாறு மத்தின் காம்பால் அதனை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மேற்பாத்திரத்தில் ஊற்றினோம். தூள் மேலே தங்கியது. தெளிந்த ஒயின் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியது. அந்தச் சொட்டுகளைப் பார்த்தவாறே பெரியவர் சொன்னார்: "அந்த முதல் வருஷம் நீங்கள் புட்டியைத் திருப்பிக் கொடுத்தீர்களே, அன்று இரவு அவள் தூங்கவில்லை. அவர்கள் வழக்கத்தை விசாரிக்காமல் கொண்டு போனது என் தப்பு என்று சொல்லிக் கொண்டே இருந்தாள்."

எங்களுக்குப் பேச நா எழவில்லை. தவறு யாருடையது என்பதை முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து யாரிடம் போய்ச் சொல்வது?

பெரியவர் வீட்டில் இரண்டு குவளைகளில் ஒயின் ஊற்றப்பட்டது. ஒன்று படத்தின் முன், மற்றொன்று அவருக்கு. ஒரு வாய் பருகி, "சிறிது புளித்திருக்கிறது. அவள் எப்போதும் சர்க்கரை அதிகம் போடுவாள், அதனால் தப்பியது" என்றார். பிறகு முகம் மலர்ந்து, "காப்பி வாசனையும் வருகிறது!" என்று சிரித்தார். எங்களைப் பருகச் சொல்லி அவர் கேட்கவில்லை. நாங்களும் பருகவில்லை. வடிகட்டியைக் கழுவி, டிகாக்ஷன் இறக்கி, காப்பி கலந்து கொண்டு வந்து, அவர் எதிரே அமர்ந்து அருந்தினோம். பூசைக்குப் போகும் நேரம் வரை மூவரும் அம்மையாரைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தோம்.

மதுவருந்தாமை எங்கள் முன்னோர் தந்த ஒழுக்கம். அதனை இன்றும் போற்றுகிறோம்; எங்கள் மக்களுக்கும் அதையே சொல்லுகிறோம். ஆனால் அன்புடன் ஒருவர் கொண்டு வந்ததை வாசற்படியில் நிறுத்தித் திருப்பியதற்கு அந்த ஒழுக்கம் பொறுப்பாகாது. புட்டியை வாங்கி வைத்துவிட்டு, உள்ளே அழைத்து அமர வைத்து, காப்பி கொடுத்து, பிறகு எங்கள் வழக்கத்தைச் சொல்லியிருக்கலாம். அம்மையார் அன்றிரவு உறங்கியிருப்பார்.

சில மாதங்களுக்குப் பின் அந்த மடிப்புத் திருகு அம்மையாரின் தையல் பெட்டியில் அகப்பட்டது. பெரியவர் அதனை எங்களிடமே கொண்டு வந்து கொடுத்தார். இந்நாளில் நாசிக் வட்டாரத்து ஒயின்களில் பல, திருகு வேண்டாத மூடியுடனேயே வருகின்றன. "ஆயினும் இருக்கட்டும், எனக்குத் தேவைப்பட்டால் இங்கே வந்துதானே திறக்கப் போகிறேன்" என்றார். ஒயின் அருந்தாத எங்கள் இல்லத்தின் சமையலறையில், முறுக்குக் குழலுக்கும் இடியாப்ப அச்சுக்கும் பக்கத்தில் அது இருக்கிறது.