மீன் சினையில் தொடங்கும் பாடம்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை ஒட்டிய மீனவ ஊர் வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மன் கோயிலும் ஆடித் தேரும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். இந்த ஊர்ப் பிள்ளைகள், பள்ளியில் 'வாழ்க்கைச் சுழற்சி' என்ற பாடம் வருவதற்கு முன்பே அதை வீட்டில் பார்த்துவிடுகிறார்கள். அம்மா மீன் ஆயும்போது வயிற்றிலிருந்து சினை வரும். "ஏம்மா, இதுல எத்தனை மீனு இருக்கும்?" என்று கேட்காத பிள்ளை உண்டா?

பாடப்புத்தகத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று நான்கு படங்கள் இருக்கும். சுற்றிலும் அம்புக்குறி. மனப்பாடம் செய்ய அரை மணி நேரம் போதும். நேரில் பார்க்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பில்தான் பாடமே இருக்கிறது.

செலவும் இல்லை. ஈரப் பஞ்சில் வைத்த பச்சைப்பயறு இரண்டு நாளில் முளைவிடும். கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழு, வளர வளரப் பச்சையாக மாறும். பிறகு கூட்டுப்புழுவாகி 10 நாள் போல அசையாமல் தொங்கும். "செத்துப்போச்சா டீச்சர்?" என்று தினமும் ஒரு குரல் கேட்கும். சில சமயம் நிஜமாகவே செத்திருக்கும். அதை மறைக்க வேண்டாம். புத்தகத்து வட்டத்தில் சாவுக்கு இடம் இல்லை. கடற்கரையில் வளரும் பிள்ளைகள் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையோரங்களில் இரவில் ஏறி, குழி தோண்டி, நூறு முட்டை போல இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவந்து கடலைத் தேடி ஓடும். அதே பருவத்தில் செத்த ஆமைகளும் ஒதுங்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் முடியாது. இதைச் சொல்லும் இடத்தில் டீச்சருக்கு நிதானம் வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் அப்பாவும் வலை போடுகிறவர். ஆமை தப்பிக்க வழி வைத்த வலைகளும் உண்டு என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த அப்பாவும் வட்டத்தைக் காப்பாற்றுகிறவர்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை. நிவாரணம் வந்தாலும் வீட்டில் கை கடிக்கும். வலையைப் பின்னிக்கொண்டு அப்பா வீட்டில் இருப்பது எதற்காக என்று ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தால், சினையிலிருந்து மீன் வரை மொத்தப் பாடமும் புரிந்த மாதிரி.

எனவே பள்ளி திறந்ததும் மீனின் வாழ்க்கைச் சுழற்சியை வரையச் சொல்லும்போது, அம்புக்குறிகளுக்கு நடுவே கரையில் நிற்கும் ஒரு படகையும் வரையச் சொல்லலாம். வீராம்பட்டினத்தில் அதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.