பெங்குவினுக்கு விடுப்பு

ஜனவரி பிறந்தால் போதும், கனடாவின் பாலர் வகுப்புகளுக்குள் பெங்குவின் புகுந்துவிடுகிறது. சுவரில் பெங்குவின், எண்ணிப் பழகப் பெங்குவின், காகிதத் தட்டில் வெட்டி ஒட்டிய பெங்குவின். பக்கத்திலேயே ஒரு பனிக்கரடி. தென்கோடியில் ஒன்று, வடகோடியில் ஒன்று என்று ஆயுளுக்கும் சந்திக்காத இரண்டும் ஒரே பனிப்பாறைமேல் நின்று சிரிக்கும். டொராண்டோவில் மகள் வீட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் எனக்கு, ஜூனியர் கிண்டர்கார்டன் போகும் பேத்தியின் பை வழியாகத்தான் இந்தச் சேதியெல்லாம் வருகிறது.

குறை சொல்வதற்கு முன் ஒன்றை மெச்சிவிடுகிறேன்: கொழுப்புக் கையுறை. ஒரு பிளாஸ்டிக் பையில் டால்டா மாதிரி வெள்ளைக் கொழுப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டு, இன்னொரு பையை அதற்குள் நுழைத்து, வாயை டேப்பால் ஒட்டிவிடுவார்கள். உள்ளே கையை விட்டால் சுற்றிலும் கொழுப்பு. விரலில் மட்டும் பிசுக்கு இல்லை. அந்தக் கையையும் வெறுங்கையையும் ஒரே நேரத்தில் ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டும். வகுப்பில் செய்ததைப் பேத்தி வீட்டுச் சமையலறையில் எனக்கு நடத்திக் காட்டினாள். வெறுங்கை விண்ணென்று தெறித்தது. கொழுப்புக்குள் இருந்த கையோ, வெளியே நடப்பது தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் கிடந்தது. "இப்போ நீ பாதித் திமிங்கிலம், தாத்தா" என்றாள். எனக்குப் பள்ளியில் வெப்பக் கடத்தலை வரையறையாகத்தான் கொடுத்தார்கள். ஒப்பித்தேன், மார்க் வாங்கினேன். தண்ணீரைவிடக் கொழுப்பு வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும் என்பதைத் தோல் தெரிந்துகொண்டது இப்போதுதான்.

இனிக் குறை. எம்பரர் பெங்குவினின் ஆண், முட்டையைப் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு, சாப்பாடில்லாமல் இரண்டு மாதத்துக்குமேல் இருட்டிலும் குளிரிலும் நிற்கும். குழந்தைகளும் பாதத்தில் ஒரு சின்ன மணிமூட்டையை வைத்துக்கொண்டு, விழாமல் தத்தித் தத்தி நடக்கிறார்கள். அழகான விளையாட்டுதான். ஆனால் அந்த அப்பா அப்படி நிற்பது ஜூன், ஜூலையில். இங்கே ஜனவரியில் குழந்தைகள் நடந்துகொண்டிருக்கும்போது அண்டார்டிகாவில் நடுக்கோடை; குஞ்சுகளெல்லாம் வளர்ந்து கடலைப் பார்த்துப் போயிருக்கும். நாலு வயதுக்கு இந்தக் கணக்கு வேண்டாம் என்பார்கள். இருக்கலாம். எனக்கு வேண்டியிருக்கிறது.

இதைவிட உறுத்துவது மீட்புப் பணி. பிளாஸ்டிக் பெங்குவினைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு உறைய வைத்து, கட்டியாக மேசைமேல் வைக்கிறார்கள். குழந்தைகள் உப்பைத் தூவி, வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டவிட்டு அதைக் காப்பாற்ற வேண்டும். பனிக்கட்டியிலிருந்து பெங்குவினை யாராவது காப்பாற்றுவார்களா? அது அதன் வீடு.

நிஜமாகவே உறைந்துபோகிற பிராணி ஒன்று உண்டு. அது இதே ஒன்டாரியோவில் இருக்கிறது. 'வுட் ஃபிராக்' என்னும் காட்டுத் தவளை. உள்ளங்கையில் அடங்கும், பழுப்பு நிறம், கண்ணோரம் திருடன் முகமூடிபோல் கறுப்புப் பட்டை. குளிர் வந்ததும் காட்டில் சருகுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உடம்புத் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்குவரை பனிக்கட்டியாகிவிடும். மூச்சு இல்லை, இதயத் துடிப்பு இல்லை. ஈரல் வெளியே தள்ளும் குளுக்கோஸ்தான் உயிரணுக்கள் சிதையாமல் காக்கிறது. ஒட்டாவா கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோரியும் ஜேனட் ஸ்டோரியும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். வசந்தத்தில் பனி இளகும்போது தவளையும் இளகும், இதயம் துடிக்கும். எழுந்து போய்க் குட்டையில் வாத்துபோலக் கத்தும்.

இதைப் படித்த ராத்திரி எனக்கு எங்கள் ஊர்க் குளம்தான் நினைவில் நின்றது. சித்திரை, வைகாசியில் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கைவரை போகும். பாம்பு இருக்கும் என்று அடி விழும். தவளை என்று ஒரு ஜாதி இருந்ததாகவே தோன்றாது. பிறகு ஒரு ராத்திரி பெருமழை. அன்றே ஆரம்பித்துவிடும் கச்சேரி, வீட்டில் பேசுவது காதில் விழாது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால், முந்தாநாள் வரை மண்ணாக இருந்த இடத்தில் பெரிய பெரிய ஆண் தவளைகள், பளீரென்ற எலுமிச்சை மஞ்சளில், தாடைக்கு இரண்டு பக்கமும் நீலப் பை புடைக்க மிதந்துகொண்டிருக்கும். "மஞ்சள் பூசிக் கல்யாணத்துக்கு வந்திருக்கு, கல்லு எறியாதீங்கடா" என்பாள் பாட்டி. பெண் தேடும் சமயத்தில் மட்டும் வரும் நிறம் அது, பிறகு வெளுத்துவிடும். அத்தனை நாள் மண்ணுக்குள்தான் இருந்தன. நாங்கள் அதற்கு மேலேதான் கோலி ஆடியிருக்கிறோம். எங்கள் பள்ளியில் இதை யாரும் பாடமாக எடுக்கவில்லை. ஆங்கில வாசகத்தில் பனிமனிதன் இருந்தான். பார்த்திராத பனிக்கு வண்ணம் தீட்டினோம்.

அங்கே வெயிலுக்கு ஒளிவது, இங்கே பனிக்கு உறைவது. இரண்டு ஊரிலும் தவளை காலடியில் இருக்க, பாடம் வேறெங்கோ பார்க்கிறது.

ஆகவே பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கொழுப்புக் கையுறையை விட்டுவிடாதீர்கள். பெங்குவினுக்கு ஜூன்வரை விடுப்புக் கொடுங்கள். பனிக்கட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் தவளையைப் போடுங்கள். உப்பு வேண்டாம், வெந்நீர் வேண்டாம். மேசைமேல் வைத்துவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள். மறுநாள் திரும்பி வருவதற்குள் அதுவாக வெளியே வந்திருக்கும்.